தொடர் நோய் ஏதும் உண்டா?

மே 12, திங்கள்

காலை வெறும் வயிற்றில் 131. மதியம் 204. இரவு 118.

ஆறு வருடமாக இந்த நோட்டில் எண்களை மட்டும்தான் எழுதி வருகிறேன். என் மகள் சிந்துஜாவுக்குப் பதினொரு வயதில் சர்க்கரை நோய் என்று சொன்ன அன்று ஆஸ்பத்திரியில் கொடுத்த முதல் நோட்டு தீர்ந்துபோய், இது ஒன்பதாவது. ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் ‘குறிப்பு’ என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. அதில் என் கோபம் கொள்ளாது. அதனால் இன்றிலிருந்து பின்பக்கத்தில் எழுதுகிறேன்.

மார்க் ஷீட் வாங்கப் பள்ளிக்கூடம் போனோம். அறுநூறுக்கு 551. வகுப்பு டீச்சர் சிந்துவின் தலையைத் தடவி, “இந்த உடம்பை வெச்சுகிட்டு இத்தனை மார்க்கா, பாவம்” என்றாள். பாவமாம். ஏழாம் வகுப்பில் எல்லாரையும் ஊட்டிக்குக் கூட்டிப்போனபோது, “வழியில ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?” என்று இவளை மட்டும் விட்டுவிட்டுப் போனதும் இதே டீச்சர்தான். அன்றைக்கு வராத பாவம் 551 வாங்கியதும் வந்துவிட்டது.

வெளியே வந்ததும் சிந்து, “விடும்மா. அவங்க பாராட்டுறதே அப்படித்தான்” என்றாள். இவளுக்குக் கோபமே வராது. அதற்கும் சேர்த்து எனக்கு வருகிறது.

மே 15, வியாழன்

140. 177. 96.

சென்னையில் ஒரு பெண்கள் கல்லூரியில் புள்ளியியல் கிடைத்துவிட்டது. விடுதியில் தங்கித்தான் படிக்க வேண்டும். கரூரிலேயே படி என்றேன். “இங்க அந்தப் படிப்பு இல்லம்மா” என்றாள். இருக்கிற படிப்பைப் படி என்றேன். என் வீட்டுக்காரர் சிவசாமி பஸ் பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். கண்ணில் பொறி பட்டு சிவந்த கண்ணோடு வந்து உட்கார்ந்திருந்தார். “போகட்டும் கலா” என்றார். அவ்வளவுதான். ஆறு வருடத்தில் ஒரு ஊசி போட்டிருப்பாரா? ஊசியைப் பார்த்தால் அவருக்குத் தலை சுற்றுமாம். நெருப்பைக் கையில் பிடித்து இரும்பை ஒட்டுகிற மனிதர்.

மே 17, சனி

கோயம்புத்தூரில் இருக்கும் ஒரு கல்லூரி விடுதிக்கு நானே போன் செய்து பார்த்தேன். பக்கத்தில் இருந்தால் நல்லது என்று. சிந்துவுக்குத் தெரியாது. பெயர் சொல்லாமல், “டைப் ஒன் சுகர் இருக்கிற புள்ளைங்களைச் சேர்ப்பீங்களா?” என்றுதான் கேட்டேன்.

“அந்த மாதிரி கேஸ் எல்லாம் நாங்க எடுக்கறதில்லிங்க மேடம்.”

கேஸ். என் மகள் ஒரு கேஸ். கம்பெனியில் நான் செக்கிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஏற்றுமதிக்குப் போகும் பெட்ஷீட்டில் ஒரு நூல் பிசிறினாலும் ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கி வைப்போம். அந்தக் குரலும் அப்படித்தான் ஸ்டிக்கர் ஒட்டியது.

மே 20, செவ்வாய்

122. 241 (மாம்பழம்). 133.

சென்னை விடுதியிலிருந்து விண்ணப்பம் வந்தது. நானே நிரப்ப உட்கார்ந்தேன். அப்பா பெயர், தொழில், ரத்த வகை எல்லாம் எழுதினேன். பதினான்காவது கேள்வி: தொடர் நோய் ஏதும் உண்டா?

‘இல்லை’ என்று எழுதினேன்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கேட்பவர்களுக்கு உதவும் எண்ணம் இருந்தால் ‘என்ன உதவி வேண்டும்’ என்று கேட்டிருப்பார்கள். ‘உண்டா’ என்று கேட்பவன் கதவைச் சாத்தக் காத்திருக்கிறவன். சிந்து குளித்துக்கொண்டிருந்தாள். அவள் வருவதற்குள் உறையில் போட்டு ஒட்டி, தபால் ஆபீசில் சேர்த்துவிட்டேன்.

“எல்லாம் சரியா எழுதினியாம்மா?”

“எழுத வேண்டியதை எழுதியிருக்கேன்.”

மே 23, வெள்ளி

நங்கையா பத்திரிகை வைக்க வந்தார். என் வீட்டுக்காரரின் அக்கா. வேலாயுதம்பாளையத்தில் வெற்றிலைத் தோட்டமும் அரிசி மண்டியும் உள்ள குடும்பம். மூத்த மகனுக்கு ஜூன் ஆறாம் தேதி கல்யாணம். இளையவன் பெங்களூரில் இருக்கிறான்.

வந்ததும் சிந்துவின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். “அடுத்தது இவதான். என்ற ரெண்டாவது மருமக” என்றார். இவள் பிறந்ததிலிருந்து சொல்வதுதான். நான் அப்படியெல்லாம் ஒன்றும் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை.

நங்கையாவுக்குச் சிந்துவின் நோய் தெரியாது. வீட்டுக்காரர் பக்கத்தில் யாருக்குமே தெரியாது. அலர்ஜிக்கு ஊசி என்று சொல்லி வைத்திருக்கிறேன். விசேஷங்களுக்குப் போனால் பாத்ரூமில் போட்டுக்கொண்டு வந்துவிடுவாள். பழகிவிட்டது.

அவர் போன பிறகு சிந்து, “அந்த அத்தை மகன் இருக்கானே, அவனுக்கு ஸ்டோரியில லைக் போடக்கூட நேரமில்ல. என்னை எப்பம்மா கட்டுவான்?” என்று சிரித்தாள். சிரிக்கிற விஷயமா இது?

மே 30, வெள்ளி

109. 155. 120.

விடுதியில் இடம் கிடைத்துவிட்டது. ஜூன் 19 காலை பத்து மணிக்கு வரச் சொல்லிக் கடிதம். ‘இல்லை’ என்று எழுதியதால் கிடைத்தது. யாராவது மறுக்கட்டும் பார்க்கலாம்.

ஜூன் 7, சனி

நேற்று கல்யாணம். நேற்று எழுத முடியவில்லை. இன்று நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

காலை ஆறரைக்கு மண்டபம் சேர்ந்தோம். முகூர்த்தம் எட்டரைக்கு. ஏழேகாலுக்கு டிபன் பந்தி என்றார்கள். சாப்பாட்டுக்குக் கால் மணி நேரம் முன்னால் ஊசி போட வேண்டும். சிந்து பேனா ஊசியை மட்டும் எடுத்துக்கொண்டு மாடி பாத்ரூமுக்குப் போனாள். அந்த நேரம் பார்த்து நங்கையா ஒரு தட்டு நிறைய லட்டு, மைசூர்பாவோடு வந்தார். சுற்றிலும் பத்துப் பெண்கள்.

“எங்க என்ற மருமக? ஒரு லட்டு வாயில போடட்டும்.”

சுகர் இருக்கிற பெண்ணுக்கு லட்டு வேண்டாம் என்று சொல்ல முடியுமா? வாயில் வந்ததைச் சொன்னேன். “இன்னைக்கு வெள்ளிக்கெழமை விரதமுங்க. மச்சான் தாலி கட்டற வரைக்கும் பச்சத்தண்ணி பல்லுல படாதுன்னு வேண்டிகிட்டா.”

நங்கையாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “பாருங்க, இந்தக் காலத்துல எந்தப் புள்ளைக்கு இந்த மனசு வரும்?” என்று பத்துப் பேரிடமும் சொன்னார். நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். பிறகு தாம்பூலப் பை எண்ண என்னைக் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டார்கள். சிந்து கீழே வந்தபோது நான் அங்கே இல்லை. பந்தி தொடங்கியதும் அவள் போய் இலையில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் பந்திக் கூடத்துக்குள் நுழையும்போது நங்கையா அவள் தோளைப் பிடித்து எழுப்பிக்கொண்டிருந்தார். “விரதத்தை மறந்து உக்காந்துட்டா பாரு. நல்ல வேளை நான் பார்த்தேன். எந்திரி கண்ணு.” இட்லி வைத்திருந்தார்கள். சிந்து என்னைப் பார்த்தாள். நான் கண்ணால் ‘எழுந்திரு’ என்றேன். எழுந்தாள். பக்கத்து இலையில் இருந்த கிழவர் அவள் இலையின் இட்லியைத் தன் இலைக்கு மாற்றிக்கொண்டார்.

ஊசி போட்டாயிற்று. வயிற்றில் ஒன்றும் இல்லை. வெளியே கூட்டிப்போய் ஏதாவது வாங்கிக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் நங்கையா அவளை விடவில்லை. விரதம் இருக்கும் பெண் சீர்த்தட்டு தூக்கினால் விசேஷமாம். கையில் தட்டைக் கொடுத்து வரிசையில் முதல் ஆளாக நிறுத்திவிட்டார். மேளக்காரர்கள் வந்து சேரவில்லை. எல்லாரும் வாசலில் நின்றோம். எம்.எல்.ஏ. வருகிறார் என்று இன்னும் கொஞ்சம் நிற்க வைத்தார்கள். எந்த எம்.எல்.ஏ.வுக்காக யார் வீட்டுப் பிள்ளை வெயிலில் நிற்பது?

சிந்துவின் மேலுதட்டில் வேர்வை அரும்பியதைப் பார்த்தேன். எனக்குத் தெரியும் அந்த வேர்வை, சர்க்கரை இறங்கும்போது வருவது. குளுக்கோஸ் பொட்டலம் என் கைப்பையில் இருந்தது. நங்கையா எனக்கும் அவளுக்கும் நடுவில் நின்றார். இதோ மேளம் வந்துவிடும், இதோ உள்ளே போய்விடுவோம் என்று நின்றேன்.

தட்டு விழுந்தது. தேங்காய் உருண்டு ஓடியது. “அபசகுனம்” என்று யாரோ சொன்னார்கள். சிந்து சுவரில் சாய்ந்து வழுக்கிக் கீழே உட்கார்ந்தாள். நான் ஓடிப்போய்ப் பையைத் திறந்தேன். எவ்வளவு இழுத்தும் பொட்டலம் பிரியவில்லை. வீட்டுக்காரர் பிடுங்கிப் பல்லால் கடித்துக் கிழித்து அவள் வாயில் கொட்டினார். நங்கையா அவர் கையைப் பிடித்து, “விரதம்டா சிவசாமி, இன்னும் தாலி கட்டல” என்றார்.

விரலில் குத்திப் பார்த்தேன். 46.

பத்து நிமிடம் கழித்துச் சிந்துவுக்குப் பேச்சு வந்தது. வாயெல்லாம் வெள்ளைப் பொடி. எல்லாரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“எனக்கு விரதம் இல்லிங்க அத்தை. எனக்கு சுகர். ஆறு வருசமா தெனமும் நாலு ஊசி போட்டுக்கறேன். இன்னைக்கும் போட்டேன். இலையில இருந்து நீங்க எழுப்பிட்டீங்க.”

அப்போதுதான் மேளம் வந்து சேர்ந்தது.

ஜூன் 8, ஞாயிறு

நங்கையா போன் செய்தார்.

“எத்தனை வருசமா மறைச்சுப்போட்டே கலாமணி?”

“மறைக்கலிங்க. சொல்லல.”

“எனக்குத் தெரிஞ்சிருந்தா அந்தப் புள்ளைய எலையில இருந்து எழுப்பியிருப்பனா? அந்தப் பாவத்தை என்ற கையில குடுத்துட்டியே.”

பார், எப்படிப் பேசுகிறார். தெரிந்திருந்தால் ஊட்டி வளர்த்திருப்பாராம். தெரிந்திருந்தால் ‘என்ற மருமக’ என்பதை அன்றைக்கே நிறுத்தியிருப்பார். போனை வைக்கும்போதும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. கவனித்தேன். எனக்கு அதில் ஒன்றும் இல்லை.

ஜூன் 9, திங்கள்

என்னுடன் சிந்து பேசுவதில்லை. எண்ணை மட்டும் சொல்கிறாள். 128. 160. 111.

வீட்டுக்காரர், “வெளிய தெரிஞ்சது நல்லதாப் போச்சு” என்றார். பல்லால் ஒரு பொட்டலம் கிழித்ததற்கு இவ்வளவு பேச்சு.

ஜூன் 11, புதன்

என் தலையில் இடி. சிந்து விடுதி வார்டனுக்கு மெயில் அனுப்பிவிட்டாள். ‘விண்ணப்பத்தில் பதினான்காவது கேள்விக்கான பதில் தவறு. எனக்கு டைப் ஒன் சர்க்கரை நோய் இருக்கிறது’ என்று. உறையை ஒட்டுவதற்கு முன் நான் விண்ணப்பத்தைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். அதைப் பார்த்திருக்கிறாள்.

“உனக்கு இடமே கிடைக்காமப் போனா என்னடி பண்ணுவே?”

“கிடைக்கலன்னா கிடைக்கல. அங்க ஒரு நாள் நான் மயங்கி விழுந்தா, ரூம்ல இருக்கிறவங்களுக்கு என்ன தெரியும்? காக்கா வலிப்புன்னு நெனச்சு இரும்பைக் கையில குடுப்பாங்க. நான் செத்துப்போவேன்மா.”

செத்துப்போவேன் என்ற வார்த்தையை இந்த வீட்டில் யாரும் சொல்லக் கூடாது. அறைந்துவிட்டேன். பதினேழு வயதுப் பெண்ணை. எழுதிவிட்டேன், போதும்.

ஜூன் 12, வியாழன்

வார்டன் போன் செய்தார். என்னைக் கேட்கவில்லை, சிந்துவைக் கேட்டார். “பொய்யான தகவல் கொடுத்ததால் இடத்தை நிறுத்தி வைத்திருக்கிறோம். பத்தொன்பதாம் தேதி பெற்றோரோடும் டாக்டர் கடிதத்தோடும் வரவும். பேசித்தான் முடிவு” என்றாராம். சிந்து ‘சரிங்க மேடம்’ என்று நான்கு முறை சொன்னாள்.

நான் சொன்னபடிதானே ஆயிற்று? கதவைச் சாத்தக் காத்திருந்தவர்கள் சாத்திவிட்டார்கள்.

ஜூன் 16, திங்கள்

டாக்டர் கடிதத்துக்காக அரசு ஆஸ்பத்திரியில் காலை ஏழு மணியிலிருந்து வரிசை. உட்காரப் பெஞ்சு இல்லை. பன்னிரண்டரைக்கு உள்ளே விட்டார்கள். பாதித் தூக்கத்தில் இருக்கும் சின்ன வயது டாக்டர். “எத்தனை யூனிட்?” என்று கேட்டார். நான் சொல்ல வாயெடுத்தேன். “அவங்க சொல்லட்டும்” என்றார். சிந்து எல்லாம் சொன்னாள். சில எண்கள் எனக்கே புதியவை. இட்லிக்கு இவ்வளவு, தோசைக்கு இவ்வளவு என்று அவளே கணக்குப் போட்டு மாற்றியிருக்கிறாள். என்னிடம் சொல்லவே இல்லை.

டாக்டர் இரண்டு நிமிடத்தில் கடிதம் எழுதிக் கொடுத்தார். ஐந்தரை மணி நேரம் நின்றது அந்த இரண்டு நிமிடத்துக்கு.

ஜூன் 17, செவ்வாய்

பெட்டி கட்டுகிறாள். நான் உதவவில்லை. இடமே உறுதியாகாமல் பெட்டி எதற்கு?

ஜூன் 19, வியாழன்

ரயிலில் வந்து சேர்ந்தோம், நானும் சிந்துவும். இதை எழும்பூர் ஸ்டேஷனில் திரும்பிப் போகும் வண்டிக்குக் காத்திருந்து எழுதுகிறேன்.

வார்டனுக்கு ஐம்பது வயது இருக்கும். மேசையில் எங்கள் விண்ணப்பம். பதினான்காவது கேள்வியைச் சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தார்.

“போன வருஷம் ஒரு பொண்ணுக்கு ஃபிட்ஸ். எங்களுக்குச் சொல்லவே இல்ல. பாத்ரூம் கதவை உடைச்சு எடுத்தோம். இங்க முந்நூறு பிள்ளைங்க இருக்காங்க, நான் ஒருத்தி. சேரும்போதே பொய் எழுதுற பொண்ணை நான் எப்படி நம்பி வெச்சுக்கறது, சொல்லு.”

சிந்துவைப் பார்த்துத்தான் கேட்டார். சிந்து தலையைக் குனிந்துகொண்டாள். ‘எங்கம்மா எழுதினாங்க’ என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. வார்டன் பேனா மூடியைத் திறந்து விண்ணப்பத்தின் மேல் ஏதோ எழுதப் போனார்.

“அது என்ற கையெழுத்துங்க” என்றேன்.

“என்னம்மா?”

“நான்தானுங்க எழுதினேன். அவ குளிச்சிட்டிருந்தா. அவளுக்குத் தெரியாம எழுதி, அவளுக்குத் தெரியாம தபால்ல போட்டேன். உங்களுக்கு உண்மையைச் சொன்னது அவ. பொய் சொன்னவளை வெளிய அனுப்பணும்னா என்னை அனுப்புங்க.”

ஏன் எழுதினீர்கள் என்று கேட்டார். கோயம்புத்தூர் விடுதி, ஊட்டி டூர் என்று எல்லாவற்றையும் சொல்ல வாயெடுத்தேன். எவ்வளவு கோபத்தைச் சேர்த்து வைத்திருந்தேன். “பயமுங்க” என்று ஒரே வார்த்தைதான் வந்தது.

வார்டன் பேனாவை மூடினார். டாக்டர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். பிறகு சிந்துவும் அவரும் பேசினார்கள். கேட்டுக்கு அருகில் இருக்கும் தனி அறையில் தங்கிக்கொள் என்றார். “தனியா இருந்தாத்தான் மேடம் ஆபத்து. மூணு பேர் இருக்கிற ரூம் குடுங்க. என்ன பண்ணணும்னு அவங்களுக்கு நானே சொல்லித் தர்றேன்” என்றாள். ஒத்துக்கொண்டார். மீதி மருந்தை ஆபீஸ் ஃபிரிட்ஜில் வைக்கலாம் என்றார்.

“ஆனா ஒண்ணு. மெஸ்ல எல்லார் முன்னாடியும் ஊசி போடாதே. மத்த பிள்ளைங்க பயப்படும். பாத்ரூம்ல போட்டுக்கோ.”

எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. எழுந்து நின்றுவிட்டேன். “பாத்ரூம்ல வெச்சு உங்க வீட்டுப் புள்ளைக்குச் சோறு போடுவீங்களா மேடம்? அது அவளுக்குச் சோறு மாதிரிங்க. எதுக்கு அவ கக்கூசுக்குள்ள போய் ஒளியணும்?”

சிந்து என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பற்றி எழுத மாட்டேன்.

வார்டன் விண்ணப்பத்தைக் கையில் எடுத்தார். “சரி. ஊசியைக் கண்ட இடத்துல போட்டா தொலைச்சுடுவேன். அதுக்கு ஒரு டப்பா வெச்சுக்கோ” என்றார். விண்ணப்பத்தை என் பக்கம் தள்ளினார். ‘இல்லை’ என்பதை அடித்துவிட்டு, ‘உண்டு’ என்று எழுதிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன்.

சேரும் நாளில் பெற்றோரும் மெஸ்ஸில் சாப்பிடலாமாம். நீள நீளமான மேசைகள். நூறு பெண்களாவது இருப்பார்கள். அவளுடைய அறைத் தோழிகள் இரண்டு பேர், ஒருத்தி தென்காசி, இன்னொருத்தி திருப்பத்தூர், எதிரில் உட்கார்ந்தார்கள். சிந்து தட்டைப் பார்த்தாள், சோற்றை அளந்தாள், பேனா ஊசியை எடுத்து அதிலுள்ள அளவு எண்ணைத் திருக ஆரம்பித்தாள்.

“அது என்னப்பா?” என்றாள் தென்காசிக்காரி.

“இன்சுலின். எனக்கு சுகர். வலிக்காது, பாக்கறியா?”

“இந்த வயசுலயா? எங்க தாத்தாவுக்குத்தான் இருக்கு.”

“உங்க தாத்தாவும் நானும் ஒரே பேட்ச்.”

மூன்று பேரும் சிரித்தார்கள். சுற்று வட்டத்தில் நாலைந்து தலைகள் திரும்பின. நான் எப்போது எழுந்தேன் என்று எனக்குத் தெரியாது. அவளுக்கும் மேசைகளுக்கும் நடுவில் போய், முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

சிந்து நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை.

“கொஞ்சம் தள்ளிக்கம்மா. வெளிச்சத்தை மறைக்கறே. நம்பர் தெரியல.”

தள்ளி நின்றேன்.